தங்கூசி முடிச்சு

ஆறு வருடங்கள் நான் கூடைப்பந்து விளையாடிச் சம்பளம் வாங்கியவன். விளையாடி என்பது கொஞ்சம் அதிகப்படி. குந்தியிருந்து சம்பளம் வாங்கியவன் என்றால் பொருந்தும். ஐந்து பேர் களத்தில் ஓடுவார்கள், மற்ற ஏழு பேரும் ஓரத்தில் போட்ட நீள வாங்கில் குந்தியிருப்போம். அந்த ஏழு பேரிலும் கடைசிக்கு முதல் ஆள் நான். கடைசி ஆள் அடிக்கடி மாறுவான். நான் மாறவில்லை.

எங்கள் நாட்டில் இந்த விளையாட்டை வைத்துப் பிழைப்பதற்கு இருக்கிற வழி ஒன்றுதான். கொழும்பில் சில கம்பனிகள் தங்கள் பெயரில் அணி வைத்திருக்கும். ஆட்டக்காரனுக்கு ஒரு வேலையைக் கொடுத்து உள்ளே எடுத்துவிடும். நான் இருந்தது ஒரு காப்புறுதிக் கம்பனி. காகிதத்தில் நான் எழுதுவினைஞர். காலையில் இழப்பீட்டுக் கோப்புகளைப் புரட்டுவேன், பிற்பகல் மூன்றரைக்குச் சப்பாத்துப் பையைத் தூக்கிக்கொண்டு பயிற்சிக்குப் போய்விடுவேன். பயிற்சியில் எனக்கென்று ஒரு தனி வேலை இருந்தது. அடுத்த போட்டியில் எதிரணியின் பெரிய ஆட்டக்காரன் யாரோ, அவனாக நான் நடிக்க வேண்டும். அவன் இடக்கையன் என்றால் அந்தக் கிழமை முழுக்க நானும் இடக்கையன். அவன் முழங்கையால் இடிக்கிற ஆள் என்றால் நானும் இடிக்க வேண்டும். போட்டியன்று அவன் எங்களைத் துவைத்து எடுத்தால் கோச் திரும்பி என்னைத்தான் முறைப்பார், நான் ஒழுங்காக நடித்துக் காட்டவில்லை என்பதுபோல.

யாழ்ப்பாணத்துக் குருநகரில், கடல் தொழில் செய்கிற எங்கள் குடும்பத்தில் யாரும் ஆறடியைத் தொட்டதில்லை. நான் தாண்டினேன். வளர்த்தியைப் பார்த்துப் பள்ளிக்கூட அணியில் போட்டார்கள், பள்ளிக்கூட அணியில் இருந்ததைப் பார்த்துக் கழகத்தில் போட்டார்கள். யாழ்ப்பாணத்துக்கு ஒரு சுற்றுப்போட்டி பார்க்க வந்த அந்தக் கோச் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துவிட்டுக் கடிதம் அனுப்பினார். கடிதம் வந்த அன்று அப்பா கடலுக்குப் போகவில்லை. காற்றும் மழையும் இல்லாமல், நோய் நொடி இல்லாமல், அவர் தொழிலுக்குப் போகாத நாள் எனக்குத் தெரிந்து அது ஒன்றுதான். கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு இறங்குதுறையெல்லாம் நடந்தார். கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. அவருக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. எந்த வரியில் என் பெயர் இருக்கிறது என்று மட்டும் கேட்டு வைத்துக்கொண்டு, காண்கிறவர்களுக்கெல்லாம் அந்த இடத்தில் விரலை வைத்துக் காட்டினார்.

என் கழுத்தில் ஒரு சின்னச் சிலுவை கிடக்கும். சின்ன வயதில் முதல்நன்மை, கோயிலில் முதல் தடவை நற்கருணை, வாங்கிய அன்று அப்பா கறுப்பு நூலில் கோத்துக் கட்டியது. நூல் இற்றால் அவரே மாற்றிக் கட்டுவார். கடல் தொழில் செய்கிறவர்கள் அதைக் கழுத்தோடு ஒட்டித்தான் கட்டுவார்கள், தலைவழியாகக் கழற்ற முடியாத அளவுக்கு. தொங்க விட்டால் வலை இழுக்கும்போது கண்ணியில் மாட்டி ஆளையும் சேர்த்து இழுத்துவிடும் என்ற பயம். வள்ளத்தில் ஏறினாலே வாந்தி எடுக்கிற எனக்கும் அதே அளவுதான்.

ஆனால் கூடைப்பந்தில் கழுத்தில் எதுவும் கிடக்கக் கூடாது. சங்கிலியோ நூலோ, கண்டால் நடுவர் களத்தில் இறங்க விடமாட்டார். முதல் வருடம் ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் நூலை அவிழ்த்துச் சப்பாத்துப் பைக்குள் வைத்தேன். என்னை எப்படியும் இறக்கப்போவதில்லை என்று விளங்கிய பிறகு அந்த வேலையையும் விட்டுவிட்டேன். தப்பித்தவறிக் கூப்பிட்டால் அவிழ்க்க இரண்டு நொடி போதும். வீட்டுக்குப் படம் அனுப்பத் தொடங்கியது அதற்குப் பிறகுதான். அதனால் அணிச் சட்டையோடு நான் அனுப்பிய படங்கள் எல்லாவற்றிலும் என் கழுத்தில் சிலுவை கிடந்தது.

முதல் போட்டிக்கு மறுநாள் காலை அப்பா தொலைபேசி எடுத்தார். கடலால் வந்து மீன் விலைப்பட்டுக்கொண்டிருந்த நேரம். பின்னால் ஒரே சத்தம்.

"எத்தினை போட்டனீ?" என்றார். "ஸ்பீக்கரிலை விட்டிருக்கிறன். எல்லாரும் நிக்கினம். சொல்லு."

முந்தினநாள் போட்டியின் நாற்பது நிமிடமும் நான் வாங்கை விட்டு எழும்பியது தண்ணீர்ப் போத்தல் கொடுக்க மட்டும்தான்.

"நாலு" என்றேன்.

இறங்குதுறையில் கை தட்டினார்கள். யாரோ விசிலும் அடித்தார். பொய் சொல்லும்போதும் நான் பேராசைப்படவில்லை என்பதைக் கவனியுங்கள். நாற்பது என்று சொல்லியிருந்தாலும் நம்பியிருப்பார்கள். அடுத்த போட்டிக்கு ஆறு, அதற்கடுத்ததற்கு எட்டு என்று ஏறிப் பிறகு ஒரு அளவில் நின்றேன்.

ஒருமுறை நாங்கள் முப்பது புள்ளி முன்னால் நின்றபோது கோச் என்னைக் கடைசி மூன்று நிமிடத்துக்கு இறக்கினார். ஒரு பந்து போட்டேன், இரண்டு புள்ளி. மறுநாள் காலை உண்மையைச் சொல்லக் கிடைத்த சந்தோஷத்தில் நானே அப்பாவுக்கு எடுத்து, "ரெண்டு" என்றேன். "என்ன ராசா, இண்டைக்குக் குறைஞ்சு போச்சு? காய்ச்சல் கீய்ச்சலோ?" என்று கேட்டார். அதற்குப் பிறகு, உண்மையாகப் போட்ட நாட்களிலும் கூட்டியே சொன்னேன். அப்படிப்பட்ட நாட்கள் அதிகம் இல்லை.

போட்டி மேசையில் ஒரு தாள் இருக்கும். பன்னிரண்டு பேருடைய பெயரும் அதில் இருக்கும். களத்தில் இறங்குகிறவனின் பெயருக்கு நேரே பெருக்கல் குறி மாதிரி ஒரு புள்ளடி போடுவார்கள். போட்டி முடிந்ததும் எல்லோரும் குளிக்கப் போவார்கள். நான் சும்மா அந்தப் பக்கம் நடந்து தாளை எட்டிப் பார்ப்பேன். இறங்கவில்லை என்று எனக்குத் தெரியாதா என்ன, இருந்தாலும் பார்ப்பேன். புள்ளடி இல்லாத என் பெயர் சுத்தமாக இருக்கும்.

என் படங்களை அப்பா பெரிதாக்கிக் கண்ணாடி போட்டு வீட்டு மண்டபத்தில் மாட்டியிருந்தார். "எங்கடை பெடியன் கொழும்பிலையும் சிலுவையைக் கழட்டாமல்தான் விளையாடுறான்" என்று கோயிலில் சுவாமியாரிடம் சொன்னாராம். சுவாமியார் அதைப் பிரசங்கத்தில் எடுத்துச் சொன்னாராம். அம்மா இதை எனக்குச் சொன்ன அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

பிறகு நாட்டில் பெற்றோலுக்கும் மாவுக்கும் வரிசையில் நின்ற காலம் வந்தது. அது கொஞ்சம் தணிந்தபோது, இந்தப் பருவத்தோடு அணியைக் கலைப்பதாகக் கம்பனி அறிவித்தது. எழுதுவினைஞர் வேலை இருக்கும், விரும்பினால் யாழ்ப்பாணக் கிளைக்கு மாற்றம் தருவோம் என்றார்கள். போகிற போக்கில் எங்கள் அணி இறுதிப் போட்டிக்கும் வந்துவிட்டது. அதுதான் கடைசிப் போட்டி, எனக்கும் அணிக்கும். செய்தியைக் கேட்ட அப்பா ஒரே சொல்லில் முடித்தார்.

"வாறன்."

வெயில் என்றேன், ரயிலில் இடம் கிடைக்காது என்றேன், அம்மாவைத் தனியே விடக் கூடாது என்றேன். எதுவும் எடுபடவில்லை.

"ஆறு வருசமாக் காதாலை கேட்டுக்கொண்டிருக்கிறன். ஒருக்காக் கண்ணாலை பாக்கிறன்" என்றார்.

அவர் பார்க்கப்போவது என்ன? நாற்பது நிமிடமும் கை தட்டிக்கொண்டிருக்கிற ஒரு நெட்டையனை. ஆறு வருடப் பொய்யும் அந்த நாற்பது நிமிடத்தில் உடைந்துவிடும். ஒரு நிமிடம் இறங்கினால் போதும், இன்றைக்குக் கோச் என்னைக் குறைவாக விட்டுவிட்டார் என்று சொல்லித் தப்பிவிடலாம். ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கோச்சிடம் போய் வாய் விட்டுக் கேட்டேன். அப்பா யாழ்ப்பாணத்திலிருந்து வருகிறார், ஒரு நிமிடம் போதும் சேர் என்றேன். அவர் நல்ல மனிதர். தோளில் தட்டி, பார்ப்போம் என்று சிங்களத்தில் சொன்னார். அவருடைய பார்ப்போமுக்கு என்ன பொருள் என்று ஆறு வருடத்தில் நான் படித்திருந்தேன்.

அப்பா போட்டிக்கு முதல்நாளே கொழும்புக்கு வந்து வெள்ளவத்தையில் என் அறையில் தங்கினார். பாரைக் கருவாடும் மிளகாய்த்தூளும் கொண்டு வந்திருந்தார். மறுநாள் காலை நான் கண்ணாடிக்கு முன்னால் நின்று சீப்பால் தலை இழுக்கும்போது அவர் என் பிடரியைப் பார்த்துவிட்டார்.

"உந்த நூல் இத்துப்போச்சு. இண்டைக்கு அறுந்து விழுந்தால் என்ன செய்வாய்?"

தன் பையைத் துழாவித் தங்கூசிச் சுருள் ஒன்றை எடுத்தார். தங்கூசி என்றால் பெரிய மீனுக்குப் போடும் கெட்டி நைலோன் நூல். கறுப்பு நூலைப் பிய்த்து எறிந்துவிட்டுச் சிலுவையைத் தங்கூசியில் கோத்து என் கழுத்தில் சுற்றினார். பின்னால் நின்று அவர் கட்டுவது எனக்குத் தெரியவில்லை, விரல்கள் மட்டும் பட்டன. உப்பும் கயிறும் தின்ற விரல்கள், மரப்பட்டை மாதிரிச் சொரசொரப்பு. முடிச்சை எச்சில் தொட்டு இறுக்கினார். நுனியைத் தீக்குச்சியால் சுட்டு உருக்கினார்.

"இனி நீ நினைச்சாலும் கழராது" என்றார்.

அப்போது சொல்லியிருக்க வேண்டும். அப்பா, இதோடு விளையாட விடமாட்டார்கள், அவிழ்க்கிற மாதிரிக் கட்டுங்கள் என்று ஒரு வசனம். அதைச் சொன்னால், அப்போ அந்தப் படங்களில் எல்லாம் எப்படி என்று கேட்பாரே. வாயை மூடிக்கொண்டு நின்றேன். இன்னொன்றும் உண்டு, அதையும் ஒளிக்காமல் சொல்கிறேன். என்னை இறக்குவார்கள் என்ற நம்பிக்கை எனக்கு இருந்திருந்தால் மைதானத்துக்குப் போனவுடனேயே வெட்டியிருப்பேன். எங்கள் மருந்துப் பைக்காரரிடம் கத்தரிக்கோல் எப்போதும் இருக்கும். வாங்கில் எனக்கு மூன்று ஆள் தள்ளித்தான் அவர் இருப்பார். கூப்பிட்டால் பார்த்துக்கொள்ளலாம், கூப்பிடாததற்கு அப்பா கட்டியதை ஏன் வெட்ட வேண்டும் என்று விட்டுவிட்டேன்.

போட்டி பின்னேரம். அப்பா வெள்ளைச் சட்டை போட்டு, கோயிலுக்குப் போகிற சாரத்தோடு, எங்கள் வாங்குக்கு நேரே எதிர்ப்பக்கம் மூன்றாவது வரிசையில் இருந்தார். பயிற்சிக்குப் பந்து எறிந்தபோது நான் போட்ட ஒவ்வொன்றுக்கும் கை தட்டினார். போட்டி இன்னும் தொடங்கவில்லை என்று பக்கத்தில் இருந்தவர் அவருக்குச் சைகையில் சொன்னதைக் கண்டேன்.

முதல் கால்பகுதி முடிந்தது. இரண்டாவது முடிந்தது. அப்பா என்னைப் பார்ப்பார், களத்தைப் பார்ப்பார், திரும்ப என்னைப் பார்ப்பார். நான் அவர் பக்கம் பார்க்காமல் பெரிதாகக் கத்திக் கத்தி ஆட்களுக்கு உற்சாகம் கொடுத்தேன். மூன்றாவதும் முடிந்தது.

கடைசியில் மூன்று நிமிடம் இருக்கும்போது நாங்கள் ஒன்பது புள்ளி முன்னால். என் இடத்தில் விளையாடுகிற எங்கள் பெரிய ஆட்டக்காரன் பந்துக்குப் பாய்ந்து இன்னொருவனின் காலில் இறங்கினான். கணுக்கால் பிரண்டது. மருந்துப் பைக்காரரும் இன்னும் இரண்டு பேருமாக அவனைத் தூக்கிக்கொண்டு உடைமாற்றும் அறைக்குப் போனார்கள். கோச் வாங்கைப் பார்த்தார். பார்வை வழக்கமாக என்னைத் தாண்டிப் போகும். அன்று தாண்டவில்லை. என் இலக்கத்தைச் சொன்னார்.

எழும்பினேன். மேலே போட்டிருந்த சட்டையைக் கழற்றி எறிந்தேன். எதிர்ப்பக்கம் அப்பா எழும்பி நின்றுவிட்டார், பின்னால் இருக்கிறவர்களுக்கு மறைக்கிறதென்ற நினைவே இல்லாமல். மேசைக்குப் போய் என் இலக்கத்தைச் சொன்னேன். எழுதுகிறவர் தாளில் என் பெயரைத் தேடிப் பேனையை அதன் மேல் கொண்டு போனார். நடுவர் வந்தார். என் முகத்தைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், விரலால் காட்டினார். கழற்று.

கையைப் பின்னால் கொண்டு போனேன். முடிச்சு ஒரு மிளகு அளவில் உருகிக் கெட்டியாகக் கிடந்தது. நகம் போகவில்லை. இழுத்தேன், கழுத்துத்தான் வெட்டியது. தங்கூசி நூறு இறாத்தல் சுறாவுக்கே அறாது, எனக்கா அறும்? கத்தரிக்கோல் என்று கத்தினேன். கத்தரிக்கோல் பையோடு உள்ளே போய்விட்டது. எங்கள் அணி முகாமையாளர் எடுத்துவர ஓடினார். எங்கள் ஆள் ஒருவன் என் பிடரியில் வாயை வைத்துப் பல்லால் கடித்துப் பார்த்தான். சபை முழுக்கச் சிரித்தது. ஆறடி மூன்று அங்குலம் குனிந்து நிற்க, இன்னொருவன் கழுத்தைக் கடித்தால் யார்தான் சிரிக்கமாட்டார்கள். நடுவர் மணிக்கூட்டைத் தட்டிக் காட்டினார். கோச் என்னை விட்டுவிட்டு அடுத்தவனைக் கூப்பிட்டார், அந்த வருடம்தான் வந்து சேர்ந்த ஒருவனை. அவன் என்னைத் தாண்டி ஓடினான். பேனை என் பெயரை விட்டு அவன் பெயருக்குப் போய்ப் புள்ளடி போட்டது.

கத்தரிக்கோல் வந்து தங்கூசியை வெட்டும்போது ஒன்றரை நிமிடம் மிச்சம் இருந்தது. அதற்குள் ஒன்பது மூன்றாகிவிட்டது. இனி ஆள் மாற்றிப் பார்க்கிற நேரமில்லை. இரு என்று கோச் கையால் காட்டினார். இருந்தேன். சிலுவை உள்ளங்கைக்குள் இருந்தது. இரண்டு புள்ளியால் வென்றோம்.

எல்லோருக்கும் மெடல் போட்டார்கள், எனக்கும் போட்டார்கள். அப்பா கீழே இறங்கி வந்தார். கிண்ணத்தைத் தூக்கிக் கொடுத்து அவரையும் என்னையும் ஒருவன் படம் எடுத்தான். அணிச் சட்டையோடு கழுத்தில் சிலுவை இல்லாமல் நான் வீட்டுக்குக் கொண்டுபோன ஒரே படம் அது. அப்பா என் கையை விரித்துச் சிலுவையை எடுத்தார். வெட்டிய தங்கூசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் பேச வாயெடுத்தேன்.

"என்ரை முடிச்சாலை" என்றார். "என்ரை முடிச்சாலைதான் எல்லாம்."

அந்த இடத்தில் நான் என்ன செய்தேன் என்பதைத்தான் இத்தனை பக்கத்தைச் சுற்றி வந்து சொல்கிறேன். பேசாமல் இருந்தேன். என் பொய் தப்பிவிட்டது. மற்றப் போட்டிகளில் எல்லாம் விளையாடியவன், இந்த ஒன்றில் மட்டும் தகப்பன் கட்டிய முடிச்சால் இறங்க முடியாமல் போனவன். என்னால் யோசித்துக் கட்டியிருக்க முடியாத கதை. அவரே கட்டித் தந்துவிட்டார். சிலுவையைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டு, வேறு நூலில் கட்டித் தாறன் என்றார். தரவில்லை. நானும் கேட்கவில்லை.

நான் யாழ்ப்பாணக் கிளைக்கு மாற்றம் எடுத்து வந்தேன். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு, அங்கே பலாலி வீதியோரம் மாடியில் எங்கள் அலுவலகம். உயரமான அலுமாரிகளின் மேல்தட்டுக் கோப்புகளை எடுக்க எல்லோரும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். குருநகரில் எங்கே போனாலும், அந்தக் கடைசி ஆட்டம் என்னடா நடந்தது என்று கேட்பார்கள். நான் வாய் திறக்க முதல் அப்பா முந்திக்கொள்வார். முடி வெட்டுகிற இடத்தில் சொன்னார், பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சொன்னார், சாவீட்டிலும் சொன்னார். "பெடியன் இறங்கியிருந்தா ஆட்டம் வேறை. நான் கட்டின முடிச்சு விடேல்லை." இறங்குதுறையில் அவருக்கு முடிச்சர் என்று பட்டம் வைத்தார்கள். நாற்பது வருடம் கடலில் நல்ல தொழிலாளி என்று பெயர் எடுத்த மனிதரை நேற்றுப் பிறந்தவனெல்லாம் முடிச்சர் என்று கூப்பிட்டான். அவர் சிரித்தார். பக்கத்தில் நின்று நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்புக்காக என்னை நான் மன்னிக்கப்போவதில்லை.

இரண்டு வருடம் இப்படிப் போனது. பிறகு அப்பாவுக்குச் சாப்பாடு பிடிக்காமல் வந்தது, பிறகு வயிற்றில் வலி. பெரியாஸ்பத்திரியில் ஸ்கானுக்கு அனுப்பினார்கள். வாசலில் தள்ளுகட்டிலில் அவரைப் படுக்க வைத்துவிட்டுத் தாதி சொன்னார், "கழுத்திலை கிடக்கிறதைக் கழட்டி வைச்சிருங்கோ தம்பி."

சட்டையை விலக்கினேன். தங்கூசியில் இரண்டு சிலுவை கிடந்தன. ஒன்று அவருடையது, மற்றது என்னுடையது. மறுபடியும் அந்த முடிச்சோடு மல்லுக்கட்ட வேண்டும் என்று நினைத்துப் பிடரியைத் தடவினேன். ஒரு நுனி நீட்டிக்கொண்டிருந்தது. இழுத்தேன். ஒரே இழுவையில் கழன்று இரண்டு சிலுவையும் கையில் விழுந்தன.

"இப்ப உப்பிடித்தான் கட்டுறனான்" என்றார் அப்பா.

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. "அப்பா, உங்கடை முடிச்சிலை பிழையில்லை. நான் அங்கை விளையாடினதே இல்லை. எல்லாம் பொய். ஆறு வருசமும் சும்மா இருந்தனான்."

அவர் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தார்.

"தெரியும் ராசா. அந்த மனிசன் உன்ரை கழுத்தைக் காட்டிக் கழட்டச் சொன்ன உடனை விளங்கீற்றுது. நீ அனுப்பின படம் எல்லாத்திலையும் சிலுவை கிடந்ததுதானே."

"அப்ப ஏன் ஊர் முழுக்க முடிச்சாலை எண்டு சொல்லித் திரிஞ்சனீங்கள்?"

"அதும் பொய்யில்லையே" என்றார். "அண்டைக்குக் கோச் உன்னைக் கூப்பிட்டவர்தானே. நீ எழும்பினனீ. நான் பாத்தனான்."

தாதி வந்து கட்டிலை உள்ளே தள்ளினார். அது ஸ்கானுக்கு முன்னால் நடந்த பேச்சு. முடிவு வந்த பிறகு நாங்கள் மருந்தைப் பற்றியும் வலியைப் பற்றியும் மட்டும்தான் கதைத்தோம். நாற்பது நாளில் அப்பா போய்விட்டார்.

ஆறு வருடத்தில் அப்பா என்னைக் கண்ணால் பார்த்த ஆட்டம், நான் வாங்கை விட்டு எழும்பி, சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு, மேசை வரைக்கும் நடந்த பத்து அடி. அவர் அதற்கும் எழும்பி நின்றார்.